நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் தொடங்கும் கடல்வழி

2025 பங்குனி மாதம். எனக்கு நன்கு பழக்கமான தவில் கலைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாவில் வாசிக்கப் புறப்பட்டார். நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணக் கரையிலுள்ள காங்கேசன்துறைக்குக் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. தவிலை விமானத்தில் ஏற்றுவதில் பட்ட பாட்டை மனத்தில் வைத்து, இந்த முறை கப்பலில் போகிறேன் என்றார். துறைமுகம் வரை நானும் உடன் போனேன்.

காலைக் கப்பலைப் பிடிக்க முதல் நாள் மாலை நான்கு மணிக்கே தஞ்சாவூரை விட்டுக் கிளம்பினோம். நாகை ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் போயிற்று, கேட் திறக்கவில்லை. மன்னார்குடி ரயிலுக்கு என்ஜின் திசை மாற்ற வேண்டியிருந்தது. எங்களுக்கு முன்னும் பின்னும் நெல் மூட்டை லாரிகள், வேளாங்கண்ணிக்குப் போகும் வேன்கள், ஒரு ஆம்புலன்ஸ். நாகை போய்ச் சேர மணி ஏழைத் தாண்டியது. இரவு விடுதியில் தங்கினோம். விடியும் முன்பே அவர் துறைமுகத்தில் நின்றார். தவில் கைச்சுமையா, சரக்கா என்று அங்கே யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஏற்றிக்கொண்டார்கள். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு யாழ்ப்பாண நகரத்திலிருந்து கைபேசியில் அழைத்து, வந்து சேர்ந்துவிட்டேன் என்றார்.

வீட்டு வாசலிலிருந்து தங்குமிடம் வரை 22 மணி நேரம். கப்பல் கடலில் ஓடியது அதில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

இந்த ஆய்வு மீதி 18 மணி நேரத்தைப் பற்றியது.

கப்பலின் கதை

2023 ஜூலையில் இந்தியப் பிரதமரும் அன்றைய இலங்கை ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் வெளியிட்ட பொருளாதாரக் கூட்டுறவுத் தொலைநோக்கு ஆவணத்தில் நாகை – காங்கேசன்துறைக் கப்பலும் ராமேஸ்வரம் – தலைமன்னார்க் கப்பலும் இடம்பெற்றன. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. பெயர் செரியபாணி. லட்சத்தீவின் பவளத்திட்டு ஒன்றின் பெயரைத் தாங்கிய, 150 பேர் அமரக்கூடிய வேகக் கப்பல். இந்தியக் கப்பல் கழகம் இயக்கியது. தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல். கட்டணம் வரியுடன் 7,670 ரூபாய். முதல் நாளுக்கு மட்டும் சலுகையாக ஏறத்தாழ 3,000 ரூபாய்.

மறுநாளே போதிய முன்பதிவு இல்லாமல் பயணம் நின்றது. தினசரி என்று அறிவிக்கப்பட்டது வாரம் மூன்று நாள் என்றாயிற்று. அக்டோபர் 20 அன்று, வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டிச் சேவை நிறுத்தப்பட்டது. ஆறு நாள் கழிந்தால் வாடைக் காற்று தொடங்கிவிடும் என்ற நிலையில் ஒரு கடல்வழியைத் திறந்திருக்கிறோம். ஐப்பசியில் கடல் எப்படி இருக்கும் என்று நாகையின் மீனவர் குப்பமான கீச்சாங்குப்பத்தில் எந்த வீட்டுத் திண்ணையில் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள்.

அடுத்தது 2024 ஆகஸ்ட் 16. இம்முறை சிவகங்கை என்ற கப்பல். இயக்கியது தனியார் நிறுவனம். காங்கேசன்துறைத் துறைமுகத்தில் ஆகும் இயக்கச் செலவுக்காக இந்திய அரசு மாதம் 25,000 டாலருக்கு மேல் ஓராண்டுக்குத் தருவதாக அறிவித்தது. கடல்வழிப் பயணிகளுக்கான புறப்பாட்டு வரியை இலங்கை அரசு குறைத்தது. இரண்டும் நல்ல முடிவுகள். கட்டணமும் இறங்கியது. ஆனாலும் கூட்டம் குறைந்த வாரங்களில் பயண நாள்கள் குறைக்கப்பட்டன. நவம்பரில் மழைக்காக நின்ற கப்பல் 2025 பிப்ரவரி 22 அன்றுதான் மீண்டும் ஓடியது.

காங்கேசன்துறைத் துறைமுகச் சீரமைப்புக்கு இந்தியா முதலில் கடனாக ஒதுக்கியதைப் பின்னர் 61.5 மில்லியன் டாலர் மானியமாக மாற்றியது. ஆக, இந்த வழிக்குப் பணமே வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வந்த பணம் கப்பலுக்கும் அக்கரைத் துறைமுகத்துக்கும் போயிற்று. இக்கரையில், டெல்டாவின் நெல்வயல்களுக்கு நடுவே வரும் 80 கிலோமீட்டர் அந்தக் கணக்கில் சேரவே இல்லை.

முன்பு எப்படி இருந்தது

நாகைக்கு இது புதிய வேலை அன்று. சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர் இங்கே சூடாமணி விகாரை என்ற பௌத்தக் கோயிலைக் கட்டியதும், அதற்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையாக அளித்ததும் இன்று லெய்டன் செப்பேடுகள் என்று அறியப்படும் ஏடுகளில் இருக்கின்றன. அந்தக் கொடை பக்தியின் கணக்கு மட்டும் அன்று. வெளிநாட்டு வணிகர் வந்து தங்கத் துறைமுகத்தில் ஓர் இடம், அந்த இடத்தைத் தாங்க உள்நாட்டில் ஓர் ஊரின் வருவாய் என்று துறைமுகத்தையும் பின்னிலத்தையும் ஒரே ஆவணத்தில் கட்டிவைத்த ஏற்பாடு அது.

மாவிட்டபுரம் தலபுராணம் சொல்வதும் இதை ஒட்டியதே. கீரிமலையில் நோய் நீங்கிய சோழ இளவரசி கோயில் எழுப்ப, சிதம்பரத்திலிருந்து முருகன் திருவுருவம் கடல்வழியே வந்து இறங்கிய இடம் காங்கேசன்துறை ஆயிற்று என்பது கதை. காங்கேயன், அதாவது முருகன், இறங்கிய துறை. கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்; இரு கரையிலும் இருந்தவர்கள் இந்த வழியை இயல்பான ஒன்றாக நினைத்தார்கள் என்பதற்கு அது சான்று.

இருபதாம் நூற்றாண்டில் ரஜுலா என்ற கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடியது. டெல்டாவில் மலேயா உறவு இல்லாத ஊர் அரிது. அந்த உறவுகளைச் சுமந்தது அந்தக் கப்பல்தான். இலங்கைக்கோ 1914 முதல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி. பாம்பன் பாலமும் அந்த ஆண்டே திறந்தது. சென்னை எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட்டில் ரயில், நீராவிக் கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்பு போய்ச் சேரலாம். மூன்று வண்டிகள், ஆனால் பயணிக்கு ஒரு பயணம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில், போர் மூண்ட காலத்தில் நின்றுபோயிற்று.

2011இல் தூத்துக்குடி – கொழும்பு வழியில் ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற பெரிய கப்பல் ஓடிப் பார்த்தது. ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றக்கூடியது. ஜூனில் தொடங்கி நவம்பரில் நின்றுவிட்டது. பெரிய கப்பலால் வழியை உருவாக்க முடியாது என்று அதில் தெரிந்துகொண்டோம். சிறிய கப்பலாலும் முடியாது என்பதை நாகை இப்போது காட்டிக்கொண்டிருக்கிறது.

நீர் போகும் திசையும் சாலை போகும் திசையும்

போக்குவரத்து வழித்தடம் என்றால் வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறார்கள். ஆசிய நெடுஞ்சாலை 43 அப்படி ஒரு கோடு: ஆக்ராவிலிருந்து நாக்பூர், ஹைதராபாத், பெங்களூரு, மதுரை வழியாகத் தனுஷ்கோடி, கடலைத் தாண்டித் தலைமன்னார், பிறகு மாத்தறை வரை. டெல்டாவை அது தொடவில்லை. டெல்டாவுக்கு வருவது கோயம்புத்தூரிலிருந்து திருச்சி, தஞ்சை வழியாக நாகை வரும் தேசிய நெடுஞ்சாலை 83. கடற்கரையை ஒட்டி வடக்கிலிருந்து வருவது 32.

இந்த இரண்டு சாலைகளுக்கும் இயல்பே வேறு. காவிரிக் கிளைகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. 83 பெரும்பாலும் ஆறுகளின் போக்கோடு போகிறது. ஆற்றங்கரையிலேயே ஊர்கள், ஊருக்குள்ளேயே சாலை, கரை வளைந்தால் சாலையும் வளையும். அகலப்படுத்த இடம் இல்லை. புறவழி போட்டால் நஞ்சை போகும். 32 வடக்குத் தெற்காகப் போவதால் ஒவ்வொரு ஆற்றையும், ஒவ்வொரு வாய்க்காலையும், ஒவ்வொரு வடிகாலையும் குறுக்கே வெட்டுகிறது. டெல்டாவின் கடைமடையில் நிலத்தின் சாய்வு மிகக் குறைவு. அங்கே ஒரு நெடுஞ்சாலைக்கு மண்மேடு போட்டால் அது கரையாகிவிடும். மதகுகளும் குறுபாலங்களும் போதாவிட்டால் ஐப்பசி மழையில் மேற்குப் பக்கத்து வயல் மூழ்கும். கிழக்குப் பக்கம் வடியும். சம்பா நாற்று ஐந்து நாள் நீருக்குள் நின்றால் என்ன ஆகும் என்பதை விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாலைப் பொறியாளருக்குத்தான் அதை யாராவது சொல்ல வேண்டும்.

2020இல் தமிழ்நாடு சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. நான் அதை முழுமனத்தோடு ஆதரித்தவன். சாலை, ரயில், துறைமுகம் போன்ற உள்கட்டமைப்புப் பணிகளை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. அதனாலேயே பொறுப்பு கூடுகிறது. தடை இல்லை என்பதற்காக நான்கு வழி, ஆறு வழி என்று நஞ்சையை எடுத்துக்கொண்டே போகக் கூடாது. இந்த வழித்தடத்துக்கு வேண்டியது அகலம் அன்று, நிற்காமல் போவது. நீடாமங்கலத்தில் ஒரு மேம்பாலம் இருந்திருந்தால் எங்கள் பயணத்தில் மிச்சமாகியிருக்கும் நேரத்தை, எண்பது கிலோமீட்டரை நான்கு வழியாக்கினாலும் மிச்சப்படுத்த முடியாது. அந்த மேம்பாலத்துக்கான கோரிக்கை பல ஆண்டுப் பழையது.

ரயிலைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் வரைபடத்தைப் பார்த்து வியந்த இடம் இதுதான். நாகையில் ரயில் நிலையம் துறைமுகத்துக்கு அருகிலேயே இருக்கிறது. காங்கேசன்துறையிலும் அப்படியே, போரில் அழிந்த வடக்கு ரயில் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் மீண்டும் அமைத்து, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் வந்துவிட்டது. இரு நாட்டிலும் பாதை ஒரே அகலம், 1,676 மில்லிமீட்டர். இரு நாட்டிலும் வண்டிகள் சாலையின் இடப்பக்கமே ஓடுகின்றன. மேகோங் நாடுகளில் தாய்லாந்தின் இடப்பக்க வண்டி லாவோஸின் வலப்பக்கச் சாலையில் ஏற வேண்டியிருக்கிறது; அந்தச் சிக்கல் நமக்கு இல்லை. இவ்வளவு பொருத்தமும் இருந்து, கப்பல் கிளம்பும் நேரத்துக்கும் ரயில் வரும் நேரத்துக்கும் ஒட்டு இல்லை. எழும்பூரில் எடுத்த டிக்கெட் கொழும்பு வரை செல்லுபடியான நூறு ஆண்டுக்கு முந்தைய ஏற்பாடு இன்றைக்கு எட்டாத கனவாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எதை ஏற்றுவது

2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி விமானம் தொடங்கியது. ஏறத்தாழ ஒரு மணி நேரம். அவசரமாகப் போகிறவர் இனிக் கப்பலில் போக மாட்டார். பயணிகளை மட்டும் நம்பிய கப்பல் இந்தப் போட்டியில் நிற்காது. இதைக் கப்பலின் தோல்வியாகப் பார்ப்பது தவறு. கப்பலுக்கு உரிய வேலை எது என்று முடிவுசெய்ய நமக்குக் கிடைத்த தெளிவு அது.

கப்பலின் வேலை எடை. கும்பகோணத்தைச் சுற்றி 30 கிலோமீட்டருக்குள் பாருங்கள். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் படிமம், திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாகஸ்வரம். எல்லாம் யாழ்ப்பாணத்தில் தேவைப்படுபவை. கோயில் மரபும் கல்யாண மரபும் இரு கரைக்கும் ஒன்று. தவிலில் தலைசிறந்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை டெல்டாவின் கச்சேரி மேடைகள் தலைமேல் வைத்துக் கொண்டாடின. ஆளும் கலையும் கடந்துபோன வழியில் விளக்கு மட்டும் கடக்க முடியவில்லை. நாச்சியார்கோவிலில் செய்த விளக்கு சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ போய், கொழும்பில் இறங்கி, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே சாலையில் ஏறி யாழ்ப்பாணம் சேர்கிறது. இல்லாவிட்டால் குருவிகள் எனப்படும், பொருளைக் கைச்சுமையாக எடுத்துப்போகிறவர்களின் பையில் போகிறது.

இந்திய – இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வரி குறைந்தது உண்மை. ஆனால் ஒரு கண்டெய்னர் நிறையப் பொருள் இல்லாத பட்டறைக்காரருக்கு அந்த ஒப்பந்தத்தால் எதுவும் ஆகவில்லை. நாற்பது விளக்குகளை ஒரு பெட்டியில் வைத்து ஓர் ஏற்றுமதித் தாளில் அனுப்பும் வசதி நாகையில் வேண்டும். சில்லறைச் சரக்கைச் சேர்த்துக் கட்டும் ஒரு கிடங்கு, வாரத்தில் இரண்டு நாள் வந்து உட்காரும் சுங்க அலுவலர், இரு கரைக்கும் பொதுவான ஒரே படிவம். கேட்பது இவ்வளவுதான். கப்பல் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது.

பெரிய சரக்குக்கு நாகை உதவாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடுவையாற்று முகத்துவாரத்தில் மணல் தூர்ந்துகொண்டே இருக்கும். நாகை காலங்காலமாக நங்கூரத் துறைமுகம். பெரிய கப்பல் வெளியே நிற்கும், படகுகள் சரக்கை எடுத்துவரும். ஆழமான துறைமுகம் நாகூருக்குச் சற்று வடக்கே கீழவாஞ்சூரில், 2009 முதல் இயங்கும் காரைக்கால் துறைமுகம். அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். ஆள் இறங்குவது தமிழ்நாட்டில், கனச் சரக்கு இறங்குவது புதுச்சேரியில், கடலும் சுங்கமும் ஒன்றிய அரசிடம். எல்லை தாண்டும் வழித்தடம் கடலில் இறங்குவதற்கு முன்பே ஓர் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இரண்டையும் ஒரே துறைமுகக் கூட்டமாகத் திட்டமிட ஒரு குழுவாவது உட்கார வேண்டும். நாகையை ஆளுக்கும் சில்லறைச் சரக்குக்கும், காரைக்காலை லாரியோடு ஏற்றும் கப்பலுக்கும் என்று பிரித்துக்கொண்டால் இரண்டுக்கும் வேலை உண்டு.

கீச்சாங்குப்பத்தைக் கேட்காமல்

எனக்கு மிகுந்த வருத்தம் தரும் பகுதி இது. கப்பல் கிளம்பும் முகத்துவாரத்தை ஒட்டியே அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும். 2004 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அந்த இழப்பின் நடுவில் இருந்தவை இந்தக் குப்பங்கள். இங்கிருந்து போகும் விசைப்படகுகள் 1974, 1976 ஒப்பந்தங்கள் வரைந்த எல்லைக் கோட்டைத் தாண்டியதாகப் பிடிபடுகின்றன. அதே நீரில் பயணிகள் கப்பல் கொடியேற்றிக்கொண்டு போகிறது. தன் மகன் அக்கரையில் சிறையில் இருக்கும் தாய்க்கு அந்தக் கப்பலின் ஒலி எப்படிக் கேட்கும்?

அக்கரைக்கும் நியாயம் இருக்கிறது. நம் இழுவை மடி வலை கடலடியை வாரிக்கொண்டு போவதால் வடமராட்சி மீனவரின் வலை கிழிகிறது; அவர் போரில் எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர். 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடைசெய்தது. இரண்டு வருத்தமும் உண்மையானவை. வழித்தடத் திட்டத்தில் இந்த இரு தரப்பு மீனவருக்கும் இடம் இல்லையென்றால் கடலில் ஒவ்வொரு கைதும் அந்தக் கப்பலுக்கு எதிரான ஒரு வாக்கு. முகத்துவாரத்தைத் தூர்வாருவது கப்பலுக்கும் மீன்பிடிப் படகுக்கும் சேர்த்து ஒரே பணியாக நடக்கட்டும். கப்பலில் இரு கரை மீனவர் சங்கத்தாரும் கட்டணமின்றிப் போய்வந்து பேசட்டும். பிடித்த மீனைப் பதப்படுத்தி அனுப்பும் குளிர்சாதனப் பெட்டிக்கு அந்தக் கப்பலிலேயே இடம் இருக்கட்டும்.

நாட்காட்டி

இந்தக் கடலுக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஐப்பசி முதல் மார்கழி வரை கப்பல் ஓடாது. அதை ஒத்திவைப்பு என்று ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பதை விட்டு, முதலிலேயே அட்டவணையில் எழுதிவிட வேண்டும். கடல் அடங்கும் தை, மாசியில்தான் சம்பா அறுவடை முடிந்து ஊரில் காசு புழங்கும். ஆடி, ஆவணியில் யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழா 25 நாள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. இலங்கைக் கத்தோலிக்கர் திரளாக வரும் காலம். நாகூர்க் கந்தூரி ஹிஜ்ரிக் கணக்கில் நகர்ந்து வருவது; அது கடல் அமைதியான மாதத்தில் விழும் ஆண்டுகளுக்குத் தனியாகத் திட்டமிடலாம். ஒன்பது மாதம் உறுதியாக, இன்ன கிழமை இன்ன நேரம் என்று ஓடும் கப்பலை நம்பி ஒரு பட்டறைக்காரர் முன்பணம் வாங்குவார். ஒரு யாத்திரைக் குழு ஆறு மாதம் முன்பே பதிவுசெய்யும். பன்னிரண்டு மாதமும் ஓடும் என்று சொல்லி இடையிடையே நிற்கும் கப்பலை நம்பி ஒருவரும் எதுவும் செய்ய மாட்டார்.

அரசின் மாதாந்தர உதவியையும் இதற்கு ஏற்ப மாற்றலாம். கப்பல் ஓடினால் போதும் என்று கொடுப்பதைவிட, அறிவித்த நாளில் அறிவித்த நேரத்தில் ஓடிய ஒவ்வொரு பயணத்துக்கும் கொடுப்பது நல்லது. தஞ்சையிலிருந்து யாழ்ப்பாணம் வரை 22 மணி நேரம் என்பதை 12 ஆக்குவது இலக்கானால், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒவ்வொரு பயணத்திலும் குறிக்க வேண்டும். ரயில்வே கேட், விடுதி, குடிநுழைவு வரிசை, சுங்க மேசை, அக்கரையில் பேருந்துக்குக் காத்திருப்பு. குறிக்கத் தொடங்கினாலே எந்தத் துறை எதைச் சரிசெய்ய வேண்டும் என்பது வெளிப்பட்டுவிடும்.

தவில் கலைஞர் திருவிழா முடிந்து திரும்பிவந்துவிட்டார். ஆவணியில் மீண்டும் அழைத்திருக்கிறார்கள். இந்த முறை திருச்சியிலிருந்து விமானத்தில் போகிறேன் என்கிறார். தவிலை அங்கேயே, உடன் வாசித்த நண்பர் வீட்டில் விட்டுவந்திருக்கிறார்.